அடுத்த புத்தகம் எப்போது?



போன வருடம் இதே பொங்கல் விழா மேடையில் ஐயா ஒருவர் சிலப்பதிகாரம் பற்றிப் பேசினார். அதற்கு முந்தின வருடம் கம்பன். நான் இன்று கொலைக் கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தச் சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனையில் நகை திருடு போகிறது. திருடியவனே இன்னொருவனைக் கைகாட்டுகிறான். விசாரணையே இல்லாமல் தண்டனை. கடைசியில் ஒரு பெண் அரசவைக்கு வந்து, தடயத்தை எல்லார் கண்முன்னாலும் உடைத்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று காட்டி வழக்கை முடிக்கிறாள். குற்றக் கதை நம் வீட்டுச் சொத்து. அதனால் கூச்சப்படாமல் பேசுகிறேன்.

லீட்ஸிலிருந்து 15 மைல் தூரத்தில் ஹாரோகேட் இருக்கிறது. நம்மில் பலர் அங்கே பூங்காவுக்கும் டீக்கடைக்கும் போய் வந்திருப்போம். அங்கே ‘ஓல்ட் ஸ்வான்’ என்று கொடி படர்ந்த பழைய ஓட்டல் ஒன்று உண்டு. 2003 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் அந்த ஊரில் குற்றப்புனைவு எழுத்தாளர்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. நான்கு நாள் விழா. எழுத்தாளர்கள் மேடையேறி, இப்போது வந்த புத்தகம் எது, அடுத்து எழுதுவது எது, அந்த இன்ஸ்பெக்டர் ஓய்வு பெறுவாரா மாட்டாரா என்று சொல்கிறார்கள். வாசகர்கள் குறித்துக்கொள்கிறார்கள். வெளியே புல்தரையில் எழுத்தாளரும் வாசகரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள், திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் காதில் விழும்: அடுத்தது எப்போது?

அந்த ஓட்டலுக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. பிள்ளைகளே, இது உங்களுக்கு. 1926 டிசம்பர் 3ஆம் தேதி இரவு அகதா கிறிஸ்டி வீட்டைவிட்டுக் கிளம்பினார். மறுநாள் சர்ரே பக்கம் ஒரு சரிவில் அவருடைய கார் மட்டும் கிடந்தது. ஆளைக் காணோம். போலீஸ் தேடியது, ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கித் தேடினார்கள், விமானம் பறந்தது. ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில் அவருடைய கையுறையை வாங்கி, ஆவிகளோடு பேசுகிறவரிடம் கொடுத்துக் கேட்டார். 11 நாள் கழித்து அம்மையார் இந்த ஹாரோகேட் ஓட்டலில் வேறு பெயரில் தங்கியிருப்பது தெரிந்தது. அந்த வேறு பெயரும் யாருடையது? கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர்! அவரை அடையாளம் கண்டது ஓட்டலில் வாத்தியம் வாசித்தவர்கள். அந்த நாட்களைப் பற்றி அவர் தன் சுயசரிதையில்கூட எழுதவில்லை. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது.

இனி பெற்றோர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் தமிழ்ப் பள்ளியில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் பையில் என்ன புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். ராபின் ஸ்டீவன்ஸ் என்பவர் எழுதிய துப்பறியும் கதை வரிசை. முதல் புத்தகம் 2014இல் வந்தது. 1930களின் இங்கிலாந்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி. அங்கே படிக்கும் இரண்டு சிறுமிகள் துப்பறிகிறார்கள். கதையைச் சொல்லும் பெண் ஹேசல் வாங், ஹாங்காங்கிலிருந்து வந்து சேர்ந்தவள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே, வேறு முகமும் வேறு சாப்பாடுமாகத் தனியே நிற்கும் சீனப் பெண். அவள் கண் வழியாகத்தான் நாம் அந்தப் பள்ளியையே பார்க்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அவளை ஏன் பிடிக்கிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வரிசையை முழுக்கப் படித்த ஒரு பெண்ணிடம் கேட்டேன், “தமிழில் கடைசியாக எந்தப் புத்தகத்தை முடித்தாய் கண்ணு?” அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள், “பாடப் புத்தகம், அங்கிள்.” கெட்டிக்காரப் பெண். இன்று காலை திருக்குறள் ஒப்புவித்தலில் பரிசு வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. அந்தப் பதில் எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது. பத்துக் குறளைப் பிழையில்லாமல் சொல்கிற குழந்தைக்கு, விளக்கை அணைக்கச் சொல்லி அம்மா கத்திய பிறகும் போர்வைக்குள் வைத்துப் படிக்க ஒரு தமிழ்ப் புத்தகம் இல்லை. நாம் கொடுக்கவில்லை.

நமக்குக் கொடுத்தது யார்? நம்மில் யாராவது திருக்குறளில் தொடங்கித் தமிழ் வாசகர் ஆனோமா? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவர்கூட இல்லை. சரி, இரும்புக்கை மாயாவியில் தொடங்கியவர்கள்? ஆ! இப்போது பாருங்கள். இந்தப் பக்கம் மொத்த வரிசையும். தலைவர் அவர்களும் தூக்கியிருக்கிறார்.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். கம்பியைத் தொட்டுப் பார்த்து அடிவாங்கிய பையன்கள் எங்கள் தெருவில் உண்டு. அந்த மாயாவி எந்த ஊர்க்காரன் தெரியுமா? இந்த நாட்டுக்காரன். 1962இல் லண்டனிலிருந்து வந்த ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் இதழில் பிறந்தவன். முத்துவில் வந்த லாரன்ஸ், டேவிட், ஜானி நீரோ எல்லாருமே இங்கிருந்து கிளம்பிப் போனவர்கள்தான். இங்கிலீஷ் பையன்கள் மறந்துபோன நாயகர்களை சிவகாசியில் தமிழ் பேச வைத்தார்கள், நாம் அவர்களோடு வளர்ந்தோம். வளர்ந்து அவர்கள் ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். முத்துவும், 1984இல் தொடங்கிய லயனும் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. ஆசிரியர் விஜயன் வரப்போகும் இதழ்களை வாசகர்களிடம் முன்கூட்டியே சொல்கிறார், அது வேண்டும் இது வேண்டாம் என்று அவர்கள் சண்டை பிடிக்கிறார்கள், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் ஆசிரியரும் வாசகர்களும் சந்தித்துப் பேசுகிறார்கள். தலை நரைத்தவர்கள் பேருந்து ஏறி, ரயில் ஏறி வருகிறார்கள்.

மாயாவியை விட்டு வளர்ந்தபிறகு மாத நாவல். பேருந்து நிலையப் பெட்டிக்கடை, குறுக்கே கட்டிய கயிறு, அதில் க்ளிப் போட்டுத் தொங்கும் புத்தகங்கள். பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், மாலைமதி, ராணிமுத்து. சாணித்தாள். மேலட்டையை மறைக்க நியூஸ்பேப்பர் அட்டை போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும், எதற்காக என்று நான் சொல்லப் போவதில்லை. யாழ்ப்பாணத்து அண்ணாமார் பூபாலசிங்கம் புத்தகசாலையைச் சொல்லுவார்கள். 70களில் இந்திய இதழ்கள் அங்கே வருவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது வீரகேசரி தானே நாவல்களைப் பதிப்பித்துக் கொடுத்தது. சுவைத்த விதம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், பசி ஒன்றுதான்.

அந்த மாத நாவலில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால், கதை முடிந்தபிறகு வருகிற அறிவிப்பு. அடுத்த மாதம் என்ன நாவல், யார் எழுதுவது. தலைப்பு ஒரு வரி. கோவையில் உட்கார்ந்து ராஜேஷ்குமார் எழுதுவார், விவேக்கும் ரூபலாவும் வருவார்கள் என்று தெரியும். பட்டுக்கோட்டை பிரபாகர் என்றால் பரத்தும் சுசீலாவும். சுபா என்றால் நரேந்திரனும் வைஜயந்தியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாதம் முழுக்கப் பேசுவோம். யார் சாவார், எப்படிச் சாவார், விஷமா, விபத்தா. என் பெரியப்பா மகன், வயதில் மூத்தவன், தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் முழுக் கதையையும் சொல்லிவிடுவான். புத்தகம் வந்து பார்த்தால் வேறு கதையாக இருக்கும். சில சமயம் அவன் சொன்னதே நன்றாக இருக்கும். இன்று யோசித்தால், நாங்கள் வாயால் கதை எழுதிப் பழகிய இடமே அதுதான். ஒண்ணாம் தேதி நெருங்கினால் கடைக்காரரை நச்சரிப்பது தொடங்கிவிடும். “வந்தா சொல்றேன் போடா” என்பார். கட்டு வந்து பிரிக்கும்போது நாங்கள் நிற்போம். முதல் பிரதி யாருக்கு என்று சண்டை. வாங்கியவன் படிக்க ஒரு ராத்திரி, பிறகு தெரு முழுக்கச் சுற்றும். திரும்பி வரும்போது கடைசி ஃபாரம் பிய்ந்திருக்கும். கொலைகாரன் யாரென்று தெரியாமலே போன நாவல்கள் உண்டு, அதற்கும் நாங்களே ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தோம். இதற்கெல்லாம் பரீட்சை கிடையாது, பரிசுக் கோப்பை கிடையாது, படி என்று சொன்ன பெரியவர்கள் யாரும் கிடையாது. படிக்காதே என்று சொன்னவர்கள்தான் உண்டு. ஆனாலும் அடுத்த மாதம் ஒரு புத்தகம் வருகிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. காத்திருக்கத் தெரிந்த வாசகனாக எங்களை வளர்த்தது அந்த அறிவிப்பு. நம் பிள்ளைகளுக்கு ராபின் ஸ்டீவன்ஸின் அடுத்த புத்தகம் எந்த மாதம் வருகிறது என்று தெரியும். தமிழில் அடுத்து என்ன வருகிறது என்று எந்தப் பிள்ளையிடமாவது, யாராவது, ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா?

நேரமாகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். இன்னும் கொஞ்சம்தான் அண்ணா.

இந்தக் கதைகளை மட்டமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லவேண்டும். ஷெர்லக் ஹோம்ஸ் முதலில் அச்சில் வந்தது 1887இல். பண்டித நடேச சாஸ்திரி தமிழில் தானவன் என்ற துப்பறிவாளரைப் படைத்தது 1894இல். இடைவெளி ஏழே வருடம்! அதன்பின் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். அந்தச் சாமியார் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகவும் வந்தார், நம்பியார் நடித்தார். 40களில் ஆனந்த விகடனில் தேவனின் துப்பறியும் சாம்பு. அப்புறம் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் தமிழ்வாணன், அவருடைய சங்கர்லால். 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’, அங்கே கணேஷ் என்ற வக்கீலை சுஜாதா அறிமுகப்படுத்தினார். பின்னால் கணேஷோடு வசந்த் வந்து சேர்ந்ததும் வீட்டுக்கு வீடு நடந்த ரகளை உங்களுக்கே தெரியும். பகலில் பெங்களூரில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்துக்கான வேலையைப் பார்த்த பொறியாளர் சுஜாதாதான், இரவில் நம்மைத் தூங்கவிடாமல் அடித்தவர். நூறு வருடத்துக்கு மேற்பட்ட இந்த மரபை நாம் பரணில் போட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் “தமிழில் படிக்கச் சுவாரசியமாக ஒன்றுமில்லை” என்ற எண்ணத்தை வளர்த்திருக்கிறோம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று. 2008இல் சென்னையில் பிளாஃப்ட் என்ற பதிப்பகம் நம்முடைய மாத நாவல் எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுத்து, பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத் தொகுதியாகக் கொண்டுவந்தது. பதிப்பாசிரியர் ராகேஷ் கன்னா கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். டீக்கடையில் தொங்கிய அந்த அட்டைகளைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசைப்பட்டவர். தொகுதி நன்றாக ஓடியது, பின்னால் இன்னும் இரண்டு தொகுதிகள் வந்தன. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இருந்த அந்த ஆவல், படிக்கத் தெரிந்த நமக்கு ஏன் அற்றுப்போனது?

வசீம் கான் என்று ஒருவர் லண்டனில் பிறந்தவர். மும்பையில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரையும் ஒரு யானைக்குட்டியையும் வைத்துத் துப்பறியும் கதைகள் எழுதினார். 2023இல் இந்த நாட்டுக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்துக்கே தலைவர் ஆனார். அபீர் முகர்ஜி ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர், 1919இன் கல்கத்தாவில் தன் கதைகளைத் தொடங்கினார். இந்திய ஊர்களை வைத்து எழுதி இவர்கள் இங்கே பெயர் வாங்குகிறார்கள். இந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை நாளைக்குக் காரைக்குடியிலோ பருத்தித்துறையிலோ ஒரு கொலையை வைக்கலாம். வைக்கட்டும், ஆங்கிலத்தில் எழுதினாலும் நான் வாங்குவேன். ஆனால் அந்தத் தெருவில் இருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அந்தப் பிள்ளையின் காதில் விழுந்திருக்க வேண்டுமே. அதற்காகத்தான் இவ்வளவும்.

“கொலைக் கதையையா குழந்தைகளுக்குக் கொடுப்பது?” என்று ஒரு அம்மா தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் கொடுக்க முடியாதுதான். மாத நாவல்களில் பல பெரியவர்களுக்கே உரியவை, அட்டைகளைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். தேர்ந்தெடுக்க வேண்டும், முதலில் நாம் படித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அம்மா, உங்கள் மகள் ஆங்கிலத்தில் கொலைக் கதைதான் படித்துக்கொண்டிருக்கிறாள். அதை நீங்கள்தான் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். தமிழில் மட்டும் ஏன் அவளுக்கு அறிவுரை?

இன்னொன்று. துப்பறியும் கதையில் உரையாடல் அதிகம், வாக்கியம் சின்னது, வர்ணனை குறைவு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூட, அடுத்த பக்கத்தில் என்ன ஆயிற்று என்ற ஆவலில் தடுமாறித் தடுமாறியாவது போய்விடும். தனக்குத் தெரியாத சொல்லைத் தாண்டிக் குதிக்கும் துணிச்சல் கதையின் வேகத்தில்தான் வரும்.

எழுத்தாளர்களும் எட்டாத தூரத்தில் இல்லை. ராஜேஷ்குமார் 1500க்கு மேல் நாவல் எழுதிவிட்டார். அவர் கதைகள் மின்னூலாகவும் கிடைக்கின்றன. இங்கிருந்தே வாங்கலாம், எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம். சுபா என்பது இரண்டு பேர், சுரேஷும் பாலகிருஷ்ணனும். பிள்ளைகளே, ‘அயன்’, ‘கோ’ பார்த்தீர்களா? அவர்கள் எழுதியதுதான். ‘இமைக்கா நொடிகள்’ வசனம் பட்டுக்கோட்டை பிரபாகர். பார்த்தீர்களா, பின்வரிசையிலிருந்து இப்போதுதான் முதல் கைதட்டு! இவர்களை நாம் ஒரு சந்திப்புக்கு அழைத்ததுண்டா? பட்டிமன்றப் பேச்சாளரை அழைக்கிறோம், பாடகரை அழைக்கிறோம், நடிகரை அழைக்க நிதி திரட்டுகிறோம். நான் குறை சொல்லவில்லை, அவர்களும் வரட்டும். காணொளியில் ஒரு மணி நேரம் ஒரு நாவலாசிரியரைப் பிடித்து, “அடுத்து என்ன எழுதுகிறீர்கள் ஐயா” என்று நம் பிள்ளைகளைக் கேட்கவைக்க மண்டப வாடகை கூட ஆகாது.

அதனால் செயற்குழுவிடம் கேட்டு, ஒப்புதலும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசிச் சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் அதே அறையில் அரைமணி நேரம் துப்பறியும் கதை நேரம். ஒருவர் வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள். துப்பறியும் சாம்புவில் தொடங்குகிறோம். அதில் பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்க நிறைய இருக்கிறது, சாம்பு பாவம், தற்செயலாகவே எல்லாத் திருடனையும் பிடித்துவிடுவான். முடிவுக்குச் சற்று முன்னால் வாசிப்பு நின்றுவிடும். திருடன் யார், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் சொல்ல வேண்டும். பாதித் தமிழ், கால் தமிழ், ஆங்கிலம் கலந்த தமிழ், எது வந்தாலும் சரி. பெற்றோர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். அந்த அரைமணி நேரம் யாரும் லகரம் ளகரம் திருத்தக் கூடாது. இதை மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை கொலைகாரனைப் பிடிக்க ஓடும்போது நடுவில் மறித்து உச்சரிப்பு கேட்காதீர்கள். அந்த வேலையை ஆசிரியர்கள் மறுவாரம் பார்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு முறையும் பிரியும்போது அடுத்த கதையின் தலைப்பை மட்டும் பலகையில் எழுதிவிடுவோம். வேறு ஒன்றும் சொல்லமாட்டோம். கோடைக்குள் பிள்ளைகள் ஒரு எழுத்தாளருக்குத் தமிழில் கடிதம் எழுதுவார்கள். பதில் வந்தால் அவரைக் காணொளியில் சந்திப்போம்.

பரணில், கராஜில், அட்டைப்பெட்டியில் பைண்டு பண்ணிய தொடர்கதைகள், பழைய காமிக்ஸ் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள், முடிவைப் பிள்ளைகள் சொல்வார்கள். வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், முக்கியமாக ஈழத்துப் பேச்சிலும் மதுரைப் பேச்சிலும் வாசிக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். பெயர் கொடுக்க வாசல் பக்கம் மேசையில் தாள் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகுமுன் எழுதிவிடுங்கள், போனபிறகு யாரும் திரும்பி வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.